பூக்கும் நாளைக் குறித்து வைத்தவர்கள்



விஜயதசமி நாளில் வன்னி மரத்தின்மீது அம்பு எய்யும் வழக்கத்தை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் விருத்தாசலம் கோயிலின் தல மரமும் வன்னிதான். ஆனால் இந்த மரம் செழித்து வளரும் சொந்த மண், இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனம். அங்கே இதனைக் கேஜ்ரி என்று அழைக்கிறார்கள். சுற்றிலும் புல் பூண்டு எல்லாம் கருகிக் கிடக்கும் மார்ச் முதல் மே வரையிலான கோடையில், இது தளிர் விட்டு மஞ்சள் நிறச் சிறு பூக்களைக் கதிர் கதிராகப் பூக்கிறது. ஆழத்தில் உள்ள நீரை வேர் எட்டிவிடுவதால் மழை வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. காய்ந்த மணல்வெளியில் பச்சையாக நிற்கும் மரம் அது. ஆகவே அது பூத்ததும் காய்த்ததும் ஆடு மேய்க்கும் சிறுவன் கண்ணுக்குக்கூடத் தப்பாது.

நம் மலாக்கா மாநிலத்தில் கதை வேறு. இங்கே ஜாசின் பக்கம் போனாலும் அலோர் காஜா பக்கம் போனாலும் பச்சைதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை. மழையே இல்லாத மாதம் என்று ஒன்றும் கிடையாது. பனிக்காலம் இல்லை, வசந்தகாலம் இல்லை. அப்படியானால் இந்த நாட்டு மரத்துக்குப் பூப்பதற்கென்று ஒரு காலம் உண்டா? உண்டென்றால் அதை மரத்துக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? இதற்கு விடை தேடியவர்களின் வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதில் நம் தோட்டத்து மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு ஏட்டில் ஏறவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மரத்தைப் பார்த்துக் காலம் அறியும் பழக்கம் தமிழருக்குப் புதிதன்று. சங்கப் புலவர்கள் வேங்கை மரத்தைக் 'கணி' என்றார்கள். கணி என்றால் நாள் பார்த்துச் சொல்பவன். வேங்கை பூத்துவிட்டால் தினை முற்றிவிட்டது, கொய்யலாம்; திருமணப் பேச்சுக்கும் வேளை வந்துவிட்டது. இதுவே மலைநாட்டார் கணக்கு. குறிஞ்சிச் செடி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பதை வைத்து மூணாறு மலையில் வாழும் முதுவர்கள் தம் வயதையே எண்ணினார்கள் என்பர். குறிஞ்சி கடைசியாக அங்கே பெருமளவில் பூத்தது 2018இல். ஆனாலும் வேங்கை இந்த ஆண்டு எந்த நாளில் பூத்தது, சென்ற ஆண்டு எந்த நாளில் பூத்தது என்று நம்மவர்கள் ஓலையில் எழுதி வைக்கவில்லை. எழுதாத அறிவு, அறிந்தவரோடு போய்விடும்.

எழுதி வைத்த ஊர்களும் உண்டு. ஜப்பானில் கியோத்தோ நகரத்துச் செர்ரி மலர்க் கொண்டாட்ட நாள்கள் அரசவையினரின் நாட்குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றன. அவற்றுள் கிடைத்த மிகப் பழைய ஆண்டு 812. விருந்துக்காக எழுதியதுதான், ஆராய்ச்சிக்காக அன்று. ஆயினும் 2021ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அங்கே செர்ரி முழுமையாக மலர்ந்தபோது, 1200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் மலர்ந்ததில்லை என்று உலகம் பேசியது அந்தப் பழைய ஏடுகள் இருந்ததால்தான். இங்கிலாந்தில் இராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார், 1736இல் தொடங்கித் தம் ஊர் மரங்கள் தளிர்த்த நாளையும் பறவைகள் வந்த நாளையும் எழுதிவந்தார். அவர் இறந்த பிறகும் பேரன், கொள்ளுப்பேரன் என்று 1958 வரை அந்தக் குடும்பம் அந்த வேலையைத் தொடர்ந்திருக்கிறது. ஒரே குடும்பம், 200 ஆண்டுகளுக்கு மேல்! நம் வீடுகளில் பால் கணக்கும் கடைக் கணக்கும் எழுதிய நோட்டுகள் ஓராண்டு தங்குவதே அரிது என்பது நினைவுக்கு வருகிறது.

இனி நம் பக்கம் வருவோம். 1826 முதல் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றம் என்ற பெயரில் ஓர் ஆட்சியின் கீழ் இருந்தன. அந்த ஆட்சியின் தாவர ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் சிங்கப்பூர்த் தாவரப் பூங்கா. 1922இல் அங்கே உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார் எரிக் ஹோல்ட்டம் என்ற இளம் ஆங்கிலேயர். 1925 முதல் 1949 வரை பூங்காவின் இயக்குநராக இருந்தார். நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்து கிடக்கும் நாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த ஊர் மரங்கள் வியப்பைத் தந்திருக்க வேண்டும். ஒரு மரம் மொட்டையாக நிற்கும். பக்கத்திலேயே அதே இனத்து மரம் பச்சைப் பசேலென்று நிற்கும். மாமரத்தில் ஒரு கிளை பூத்திருக்கும், மறு கிளை சும்மா இருக்கும். ஒழுங்கே இல்லை என்று எவருக்கும் தோன்றும்.

ஹோல்ட்டம் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. 'அங்சானா மரம் மார்ச்சில் பூக்கும்' என்று பொதுவாக எழுதாமல், இன்ன இடத்தில் நிற்கும் இந்த ஒரு மரம், இன்ன நாளில் இலை உதிர்த்தது, இன்ன நாளில் தளிர்த்தது, இன்ன நாளில் பூத்தது என்று தனித்தனி மரமாக, ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். 1931இல் ஒரு கட்டுரையும் 1940இல் அதன் தொடர்ச்சியும் வெளியிட்டார். அவற்றில் கண்ட செய்தி புதுமையானது. ஒழுங்கில்லை என்று நினைத்த மரங்களுக்கு ஒழுங்கு இருந்தது. அது 12 மாத ஒழுங்காக இல்லை, அவ்வளவுதான். சில மரங்கள் ஏறத்தாழ 6 மாதத்துக்கு ஒரு முறை இலை மாற்றின. சில, ஏறத்தாழ 9 மாதத்துக்கு ஒரு முறை. கடற்கரையில் நிற்கும் கெத்தாப்பாங், நாம் நாட்டு வாதுமை என்கிறோமே, அது பெரும்பாலும் ஆண்டில் இரு முறை இலை சிவந்து உதிர்க்கும். ஒன்பது மாதக் கணக்குள்ள மரம் இந்த ஆண்டு ஜனவரியில் இலை உதிர்த்தால் அடுத்தது அக்டோபரில், அதற்கடுத்தது மறு ஆண்டு ஜூலையில். சுவரில் தொங்கும் நாட்காட்டியை மட்டும் நம்பிப் பார்ப்பவன் அந்த மரத்துக்குப் பைத்தியம் என்றுதான் சொல்வான். மரத்துக்கு அதன் கணக்கு சரியாகவே இருக்கிறது.

ஹோல்ட்டமுக்கு உதவியாக 1929இல் வந்தவர் கார்னர். மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940இல் இவர் எழுதி வெளியான நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. காட்டு மரத்தின் உச்சியில் பூத்திருக்கும் கொத்தைப் பறிக்க யார் ஏறுவது? தேங்காய் பறிக்கப் பழக்கும் பெரோக் குரங்குகளைப் பழக்கி, பூங்கொத்தை ஒடித்துப் போடச் செய்தார் கார்னர். சிரிக்க வேண்டாம், குரங்கு போட்ட கிளைகள் பல, தாவரப் பூங்காவின் காப்பகத்தில் அறிவியல் சான்றாகச் சேர்ந்திருக்கின்றன.

அங்சானாவைச் சொன்னோம். மலாக்கா நகரத்துக்குப் பழக்கமான நிழல் மரம் அது. நம் வேங்கைக்கு உடன்பிறப்பு, ஒரே பேரினம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு நோய் வந்து மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அங்சானா மரங்களைப் பெருமளவில் அழித்தது. பின்னர் மீண்டும் நட்டார்கள். அங்சானாப் பூ ஒரே நாளில் விரியும். மறுநாள் சாலை முழுவதும் மஞ்சள் விரிப்பு. ஒரு தெருவில் உள்ள மரங்கள் எல்லாம் ஒரே நாளில் பூப்பதைக் காணலாம். சங்கப் புலவர் கணி என்று சொன்ன மரத்தின் தம்பி, நம் தெருவிலும் கணி வேலை பார்க்கிறது.

எல்லா மரமும் ஒரே நாளில் என்றால், அவற்றுக்கு ஒரே நேரத்தில் ஏதோ ஒரு செய்தி வந்திருக்க வேண்டும். அது என்ன? இதற்குத் தெளிவான விடை ஒரு சிறு பூவிடமிருந்து கிடைத்தது. பழைய மழைமரங்களின் கிளையில் ஒட்டிக்கொண்டு வளரும் புறா ஆர்க்கிட்டைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பூ, பறக்கும் புறா போன்ற வடிவம், நல்ல மணம். காலையில் பூத்தால் அன்றோடு சரி. சாவாத் தீவில் 1920களில் நடந்த ஆராய்ச்சியில், கனத்த மழை பெய்து காற்று சட்டென்று குளிர்ந்த நாளிலிருந்து 9ஆம் நாள் இது பூக்கிறது என்று கண்டார்கள். மொட்டு முன்னரே உருவாகித் தூங்கிக்கொண்டிருக்கும். குளிர் பட்டதும் விழித்துக்கொள்ளும். அதனால்தான் வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் பூக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். இடியும் மழையுமாக வெயில் அடங்கிக் குளிர்ந்த நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு, ஒன்பது நாள் எண்ணுங்கள்.

காட்டுப் பெருமரங்களான மெராந்தி வகைகள் பல ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒன்றாகப் பூப்பதற்கும், வறட்சியும் இரவுக் குளிர்ச்சியும் காரணமாகின்றன என்று பின்னர் வந்த அறிஞர்கள் எழுதினார்கள். டுரியான் மரமும் சில நாள் காய்ச்சல் கண்டால்தான் நன்றாகப் பூக்கும். கம்பத்து மலாய்க்காரர்கள் இதை அறிவார்கள். பாலைவனத்து மரம் கோடையில் பூக்கிறது என்று முதலில் சொன்னோமல்லவா? மழை நாட்டு மரங்களிலும் பல, காய்ச்சலுக்குத்தான் காத்திருக்கின்றன. மலாக்காவில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தாம் மழை குறைந்தவை. அந்த நாளில் நம்மோடு மிக நெருக்கமான மரம் ஒன்று என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

பால்மரத்தைத்தான் சொல்கிறோம். மலாயாவில் ரப்பரை முதன்முதலாக வாணிகத்துக்கென்று பயிரிட்டது நம் மாநிலத்தில்தான். சிங்கப்பூர்ப் பூங்காவின் அந்நாளைய இயக்குநர் ரிட்லி தூண்ட, மலாக்காச் சீனர் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்துப் புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அமேசான் காட்டு மரமாகிய அது, இங்கு வந்தும் தன் வழக்கத்தை விடவில்லை. ஜனவரியில் இலை செம்மஞ்சளாகிப் பிப்ரவரியில் காடே மொட்டையாகும். பிறகு செம்பு நிறத் தளிர். தளிரோடு பூ. பூவென்றால் இதழ் விரிந்த பூவன்று. மஞ்சளாக, மணியளவில், கொத்துக் கொத்தாக இருக்கும். ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொத்தில், நுனியில் பெண் பூ. கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள சின்னஞ்சிறு பூச்சிகள்தாம் மகரந்தம் சேர்க்கின்றன. ஏறத்தாழ ஐந்து மாதம் கழித்து, வெயில் நேரத்தில் காய் படீரென்று வெடித்துக் கொட்டைகளைத் தூர வீசும். அந்தச் சத்தம் கேட்டு வளராத தோட்டத்துப் பிள்ளை யார்? கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்த குறும்பு நமக்கும் தெரியும்.

இந்தப் பூக்கும் காலத்தை ஆராய்ச்சிக்காரர்கள் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார்கள். 1920களின் நடுவில் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், 1928 முதல் கையாலேயே மகரந்தம் சேர்த்துப் புது வகைகளை உண்டாக்கத் தொடங்கியது. மரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி ஏறி, ஒரு வகையின் ஆண் பூவிலிருந்து மகரந்தத் தண்டை எடுத்து, மற்றொரு வகையின் பெண் பூவுக்குள் வைத்து, வேறு மகரந்தம் புகாதபடி பாலில் நனைத்த பஞ்சிழையால் அடைப்பார்கள். நூறு பூவில் ஐந்து காயாவதே பெரிது. நாள் தவறினால் ஓராண்டு போச்சு. ஆகவே எந்த வகை எந்த வாரத்தில் பூக்கும் என்ற குறிப்பு அவர்களுக்குப் பொன் போன்றது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயர் பெற்ற வகை, இப்படி 1937இல் செய்த கலப்பில் பிறந்ததுதான். அதை வெட்டிப் பிழைத்த கைகள் இன்றும் நம் நடுவே உண்டு.

ரப்பர் ஏன் ஒன்றாகப் பூக்கிறது என்ற கேள்வி அண்மைக் காலம் வரை நீண்டது. மலேசிய அறிஞர் இயாங் ஹூங் யீட் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், நில நடுக்கோட்டின் அருகே மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் தலைக்கு நேரே வரும்போது கூடும் வெயிலின் செறிவே காரணம் என்றார். மார்ச்சையொட்டிப் பெரிய பூப்பு. ஆகஸ்டு, செப்டம்பரில் சிறிய பூப்பு. இரண்டாவது பூப்பு ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

இதை எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவரிடம் கேட்டோம். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அவர் சொன்னது: “வாத்தியாரே, மரம் பூக்குறதை நாங்க எங்க அண்ணாந்து பார்த்தோம்? நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு இருட்டுல போறோம். காலடியில என்ன கிடக்குதுன்னுதான் தெரியும். எலை கிடந்தா சம்பளம் கொறையப் போகுது. பூ கொட்டிக் கிடந்தா இன்னும் கொஞ்ச நாள்ல பால் திரும்பும். கொட்டை கிடந்தா தீவாளி வருது. இதுக்கு எதுக்கு நோட்டு?”

மூன்று வாக்கியத்தில் ஓர் ஆண்டை முடித்துவிட்டார். அந்த அறிவு வயிற்றிலிருந்து வந்தது. இலை உதிர்ந்து தளிர்க்கும் வாரங்களில் மரம் தன் சத்தையெல்லாம் தளிருக்குக் கொடுப்பதால் பால் சுண்டிவிடும். நாட்கூலியும் பாலின் எடைக்கேற்ற கூலியும் வாங்கிய குடும்பத்துக்கு அது அரிசி குறையும் காலம். கடைக்காரரிடம் கடன் ஏறும் காலம். பள்ளி தொடங்கும் ஜனவரியில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க வேண்டிய நேரத்திலேயே மரமும் மொட்டையாகும். தோட்ட அலுவலக ஏடுகளில் எவ்வளவு பால் வந்தது என்று எழுதினார்கள். எத்தனையாம் நிரையில் எந்த மரம் முதலில் உதிர்த்தது, எது கடைசியில் பூத்தது என்று தினமும் பார்த்தவரை யாரும் கேட்டு எழுதவில்லை. ஹோல்ட்டம் சில ஆண்டுகள் செய்த வேலையை இவர் தம்மையறியாமல் நாற்பது ஆண்டுகள் செய்திருக்கிறார். எதற்கு நோட்டு என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் அப்போது நல்ல விடை இல்லை.

விடை பின்னால் வந்தது. 2017 முதல் நம் நாட்டு ரப்பரில் புதுவகை இலை உதிர் நோய் ஒன்று பரவியது. பெஸ்தலோத்தியோப்சிஸ் என்ற பூசணம் என்கிறார்கள். இலையில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி விழுந்து, தளிர்த்து முடிந்த பிறகும் உதிரும். இது வழக்கமான உதிர்வா, நோயா என்று சொல்ல வேண்டுமானால் வழக்கமான உதிர்வு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்பது கையில் இருக்க வேண்டும். 'வழக்கமா இந்தச் சமயத்துலதான்' என்ற பேச்சு அங்கே உதவாது. மரத்தின் பழைய நாள்கள் தெரிந்தவனுக்குத்தான் புதிய கேடு சீக்கிரம் தெரியும்.

நாங்கள் பள்ளியில் ஒரு நோட்டுத் தொடங்கிய கதையையும் சொல்லிவிடுகிறோம். பெருமைக்காக அன்று, பிழைக்காக. முதலாண்டு 'மார்ச்சில் ரப்பர் பூத்தது' என்று எழுதி வைத்தோம். அடுத்த ஆண்டும் அப்படியே எழுதினோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நாள் இல்லை, எந்த மரம் என்பதும் இல்லை. ஒரு மாணவன் வேலியோர மரத்தைப் பார்த்திருக்கிறான், மற்றொருத்தி ஆற்றோர மரத்தைப் பார்த்திருக்கிறாள். மூன்றாம் ஆண்டுதான் ஆறு மரங்களுக்கு வெள்ளைச் சாயத்தில் எண் போட்டோம். வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை. இலை, தளிர், மொட்டு, பூ, காய். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கவில்லை. பூக்காத நாளை எழுதினால்தான் பூத்த நாளுக்குப் பொருள்.

ஒரு பள்ளி விடுமுறை முடிந்து வந்தபோது எண் 3, 4, 5 இல்லை. அந்தப் பகுதியைச் செம்பனைக்காகத் தள்ளிவிட்டார்கள். யாரும் நமக்குச் சொல்ல வேண்டிய கடமை இல்லைதான். ஆனாலும் பிள்ளைகள் அன்று ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தில் அந்த மூன்று எண்ணுக்கு நேரே என்ன எழுதுவது என்று ஒருத்தி கேட்டாள். 'மரம் இல்லை' என்று எழுதச் சொன்னோம். இந்தியாவில் 2010ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஒரு திட்டத்தில் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளும் இதே போல வாரந்தோறும் பலாவையும் மாவையும் கொன்றையையும் குறித்து அனுப்புகிறார்கள். அவர்களுடைய ஏட்டிலும் இப்படிப்பட்ட வரி இருக்கத்தான் செய்யும்.

மூன்று மரம் போன இடத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தோம். பள்ளி வாசலில் நிற்கும் நெல்லி. மலாய் வரலாற்று நூல் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும்: பரமேசுவரா ஒரு மரத்தடியில் நின்றபோது சருகுமான் ஒன்று அவருடைய வேட்டை நாயை உதைத்து நீரில் தள்ளியது, அந்த மரத்தின் பெயரே ஊருக்கு ஆயிற்று. அந்தப் போக்கோக் மெலாக்காதான் நம் நெல்லி. மாநிலத்துக்கே பெயர் கொடுத்த மரம் எப்போது பூக்கிறது என்று கேட்டால் ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை, நம்மையும் சேர்த்து. பூ மிகச் சிறியது, பச்சை கலந்த மஞ்சள், இலைக் காம்பின் அடியில் ஒளிந்திருக்கும். ஊறுகாய்க்குக் காய் பறிப்போமே தவிரப் பூவைப் பார்த்தவர் இல்லை.

ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற திங்கட்கிழமை அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பது இது: “நெல்லி, எண் 7. புதுத் தளிர் உண்டு. பூ தெரியவில்லை. ஆனால் காலை ஏழரைக்கு மேல் கிளையில் தேனீ நிறைய வருகிறது. அடுத்த வாரம் ஏணி வேண்டும்.”